வெல்டாவுக்குத் தேதி இல்லை

மார்ல் ஃபோர்க் பாப்டிஸ்ட் சபையில் ஒருவர் தன் கல்யாண நாளை மறந்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. இரட்சிக்கப்பட்ட தேதியை, அதாவது இயேசுவிடம் தன்னை ஒப்புக்கொடுத்த நாளை, மட்டும் மறக்கக் கூடாது. எல்லோரும் அதைத் தங்கள் பைபிளின் முதல் பக்கத்தில் மையால் எழுதி வைத்திருப்பார்கள். சபைக்குப் புதிதாக ஒருவர் வந்தால் எந்த ஊர், என்ன பிழைப்பு என்று கேட்பதற்கு முன்னாலேயே "எப்போ இரட்சிக்கப்பட்டீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மலைச் சரிவில் நூற்றிருபது பேர் கூடும் சின்னச் சபை. 1994 அக்டோபரில் அதற்கு எழுபத்தைந்து வயது நிறைந்தது. அந்த விழாவுக்காக ஒரு மலர் போட்டார்கள். வம்பு அந்த மலரில் ஆரம்பித்தது.

மலரில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இரட்சிப்புத் தேதியும் ஞானஸ்நானத் தேதியும் அச்சாக வேண்டும். சபைப் பதிவேட்டைப் பார்க்கிற நொவெல்லா ஸ்டாம்பருக்குத்தான் அந்த வேலை. ஞாயிறு பாட்டுகளைப் பியானோவில் வாசித்துப் பார்ப்பதற்காக வெல்டா க்ரட்சர் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தபோது, நொவெல்லா ஆபீஸ் அறைக்குள்ளிருந்தே கூப்பிட்டாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"வெல்டா, இங்க வாடி. உன் தேதியைச் சொல்லு. பழைய பதிவேட்டுல தேடித் தேடி எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு."

"என்ன தேதி?"

"என்ன தேதின்னு கேக்கறா பாரு. நீ இரட்சிக்கப்பட்ட தேதி. எல்லாரும் குடுத்தாச்சு. உன் வீட்டுக்காரர் மணி நிமிஷத்தோட குடுத்திருக்கார்."

"ஐம்பத்திமூணு எழுப்புதல் கூட்டம். ஆகஸ்ட் மாசம். நீயும்தானே அப்போ போனே?"

"அதைத்தான் நானும் நினைச்சேன். அந்த வாரம் முன்னால போனது ஒன்பது பேர். என் பேர் இருக்கு, உன் தங்கச்சி பேர் இருக்கு, உன் பேர் இல்ல."

"நான் பியானோ வாசிச்சுட்டு இருந்தேன்."

"அது தெரியும். அதுக்கப்புறம் எப்போ போனே?"

வெல்டா வாயைத் திறந்தாள்.  நொவெல்லா டைப்ரைட்டரில் விரலை வைத்தபடி காத்திருந்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

எப்படி இது நடந்தது என்று கேட்பீர்கள். நானும் அதே சபையில் உட்கார்ந்து எழுந்தவன்தான், எனக்கும் அதைக் கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் வேறு எப்படியும் நடந்திருக்க முடியாது.

எங்கள் சபையில் பிரசங்கம் முடிந்ததும் அழைப்புப் பாட்டு பாடுவோம். தன் மனதை ஆண்டவருக்குக் கொடுக்க நினைக்கிறவர் அந்தப் பாட்டு முடிவதற்குள் இடத்தைவிட்டு எழுந்து, எல்லோரும் பார்க்க முன்னால் நடந்து போய், போதகர் கையைப் பிடிக்க வேண்டும். யாரும் எழவில்லையென்றால் போதகர் பியானோ பக்கம் ஒற்றை விரலைக் காட்டுவார். இன்னொரு சரணம் என்று அர்த்தம். விரல் காட்டக் காட்ட வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். பியானோ நின்றால் அழைப்பு முடிந்தது.

1953 ஆகஸ்டில், பியானோ வாசித்துக்கொண்டிருந்த அம்மாளுக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்துவிட்டது. விசுவாசத்தைத் தட்டி எழுப்ப வருஷா வருஷம் ஒரு வாரம் நடக்கிற எழுப்புதல் கூட்டம் அடுத்த நாள் தொடங்குகிறது. பதினொரு வயது வெல்டாவைத் தூக்கி இரண்டு பாட்டுப் புத்தகங்களின் மேல் உட்காரவைத்தார்கள். அந்த வாரம் அவள் வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேர் முன்னால் போனார்கள். பத்தாவது பிள்ளை அவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்காக ஓடையில் ஒன்பது பேரும் முழுகி எழுந்தபோது இவள் கரையில் நின்று துண்டு எடுத்துக் கொடுத்தாள். "நீ அடுத்த வருஷம் போலாம்மா" என்றாள் அவள் தாய். அடுத்த வருஷமும் பியானோவில் இவள்தான். அதற்கடுத்த வருஷம் தாய் இறந்துபோனாள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டுமே உரிய திருவிருந்துக் கிண்ணத்தைப் பியானோ இருக்கைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறுகிறவள் தான் சாப்பிடவில்லை என்பதை மறந்துபோவாள், பார்க்கிறவர்களும் அவள் எப்போதோ சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கதைதான் இதுவும்.

"நாப்பத்தொரு வருஷம்" என்றாள் வெல்டா.

"சும்மா இரு. ஐம்பத்திமூணு ஆகஸ்ட் பதினாலுன்னு போட்டுடறேன். உன் தங்கச்சி தேதி. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

"நேத்து வரைக்கும் உனக்கே தெரியல."

நொவெல்லா சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் வெல்டாவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

"திங்கக்கிழமை வரைக்கும் எனக்கு டைம் குடு" என்றாள்.

"திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. அன்னிக்கு ஒரு தேதி வேணும் எனக்கு. காலியா விட்டா ஊரே கேக்கும், வெல்டா. விழா அன்னிக்கு அத்தனை பேரும் முதல்ல அவங்கவங்க பேரைப் பார்ப்பாங்க, ரெண்டாவது அடுத்தவங்க பேரைத்தான் பார்ப்பாங்க."

வெல்டா அன்றைக்குப் பியானோவைத் தொடவே இல்லை. நேராகக் காருக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.  இருபது வருஷமாக அவள் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். முப்பது நாற்பது பிள்ளைகளையாவது முழங்காலில் நிறுத்தி, "இயேசுவே என் உள்ளத்தில் வாரும்" என்று வரிவரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தான் ஒருமுறையும் அதைத் தனக்காகச் சொன்னதில்லை என்பது அந்தக் காரில் உட்கார்ந்துதான் அவளுக்கு உறைத்தது. யாரோ நெஞ்சில் உதைத்த மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

அவள் கணவர் டெல்மர் க்ரட்சர் இருபத்தெட்டு வருஷமாகச் சபைக் காரியங்களைக் கவனிக்கிற டீக்கன். மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். இடது கால் கொஞ்சம் சாய்த்து நடப்பார். பதினாறு வயதில் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து அவர்மேல் விழுந்தது. டிராக்டருக்கு அடியில் கிடந்தபடியே கர்த்தரைக் கூப்பிட்டார், அங்கேயே இரட்சிக்கப்பட்டார். இந்தச் சாட்சியை வருஷம் ஒருமுறை எழுப்புதல் கூட்டத்தில் சொல்வார். சபையே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். பக்கத்து ஊர்ச் சபைகளில் இருந்துகூட அவரைக் கூப்பிட்டு அதைச் சொல்லவைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் பீன்ஸும் சோளரொட்டியும் மேசையில் ஆறிக்கொண்டிருக்கும்போது வெல்டா எல்லாவற்றையும் சொன்னாள். டெல்மர் மென்றுகொண்டே கேட்டார்.

"இதுக்கா இந்த மூஞ்சி? நொவெல்லா சொன்ன தேதியையே போடு" என்றார்.

"அது என் தேதி இல்லையே, டெல்மர்."

"உன்னைவிட யாரு இந்தச் சபைக்கு உழைச்சிருக்கா? கர்த்தருக்குத் தெரியாதா?"

"உழைச்சதைப் பத்தி நான் கேக்கல. எனக்கும் அவருக்கும் பழக்கம் உண்டான்னு கேக்கறேன். ஒருநாள்கூட நானா அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. யாராவது கேக்கறாங்கன்னாதான் ஜெபிச்சிருக்கேன். சாப்பாட்டுக்கு முன்னாடி, கூட்டத்துல, பிள்ளைங்க முன்னாடி. தனியா இருந்தா வாயே திறந்ததில்ல."

"வெல்டா, நான் டீக்கன். டீக்கன் பொண்டாட்டி ஞானஸ்நானமே எடுக்கலன்னா என்ன ஆகும் தெரியுமா? நாப்பது வருஷம் திருவிருந்து எடுத்திருக்கே. இதை அவங்க விடுவாங்களா?"

"உனக்கென்ன? உனக்கு டிராக்டர் இருக்கு. நிமிஷத்தோட சொல்றே. உனக்கு எங்க புரியப்போவுது."

டெல்மர் கரண்டியை வைத்தார். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.  வெல்டா எழுந்து தட்டை எடுக்கப் போனாள், கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"டிராக்டர் கவிழ்ந்தது நிஜம்" என்றார். "கர்த்தரைக் கூப்பிடல. அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா அம்மான்னு கத்திட்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில போதகர் வந்து, 'கர்த்தரைக் கூப்பிட்டியாப்பா'ன்னு கேட்டார். வலி தாங்கல. தலையை ஆட்டினேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அவர் அதைப் பிரசங்க மேடையில சொல்லிட்டார். என் அம்மா அழுதா. அப்புறம் எப்படி இல்லன்னு சொல்றது?"

 வெல்டா முப்பத்தொரு வருஷம் இந்த மனுஷனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து தலை குனிந்து ஜெபித்திருக்கிறாள். அந்தச் சாட்சியை எத்தனை முறை கேட்டு எத்தனை கைக்குட்டை நனைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு அவரைப் பார்த்துச் சரி சொன்னதே அந்தச் சாட்சியைக் கேட்டுத்தான்.

"என்கிட்டகூட சொல்லலையே" என்றாள்.

"என்கிட்டயே நான் சொல்லிக்கிட்டதில்ல" என்றார் டெல்மர். "நீ முன்னால போயிடாதே, வெல்டா. நீ போனா, அடுத்த எழுப்புதல் கூட்டத்துல நான் எந்த முகத்தோட எழுந்து அதைச் சொல்றது? அந்தத் தேதியைப் போட்டுடு. உனக்குக் கோடிப் புண்ணியமாப் போகும்."

புண்ணியத்தால் அல்ல, விசுவாசத்தால்தான் இரட்சிப்பு என்கிற பாப்டிஸ்ட் டீக்கன் வாயில் புண்ணியக் கணக்கு வந்தது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். அந்த அளவுக்கு மனுஷன் ஆடிப்போயிருந்தார்.

புதன்கிழமை வெல்டா வேலைக்குப் போனாள். மாவட்டப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிற இடம். நானூறு பிள்ளைகளுக்குச் சமையல். பேச்சுச் சத்தமும் பாத்திரச் சத்தமுமாக இருக்கும், தனியாக நிற்க ஓரிடம் கிடையாது. காய்கறி வைக்கிற குளிர் அறை ஒன்றுதான் இருந்தது. அவள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். லெட்டூஸ் கீரைப் பெட்டிகளுக்கும் பால் பெட்டிகளுக்கும் நடுவே நின்றாள்.

வாயைத் திறந்ததும் கூட்டத்தில் சொல்கிற ஜெபம்தான் கொட்டியது. மகா இரக்கமும் கிருபையும் நிறைந்த பிதாவே என்று ஆரம்பித்து, மிஷனரிகள், வியாதியஸ்தர், நாட்டை ஆளுகிறவர்கள் வரை மளமளவென்று ஓடியது. பாதியில் அவளுக்கே வெட்கமாகி நிறுத்திவிட்டாள். யாருக்காக இதை ஒப்பிக்கிறோம், லெட்டூஸ் கேட்கவா என்று தோன்றியது.

 அப்புறம், "நான் வெல்டா" என்றாள். "வெல்டா க்ரட்சர். மார்ல் ஃபோர்க்ல பியானோ வாசிக்கிறவ."

சொன்னதும் அவளுக்கு உடம்பு கூசிப்போனது. நாற்பத்தொரு வருஷம் ஒருவர் வீட்டில் புழங்கிவிட்டு, வாசலில் நின்று நான் இன்னார் என்று சொல்கிற கேவலத்தை நினைத்துப் பாருங்கள். வெட்கம் கொஞ்ச நேரம்தான். அது அப்படியே கோபமாகத் திரும்பியது. ஜெபப் பேச்செல்லாம் பறந்துபோய் வீட்டில் பேசுகிற பேச்சு வந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்ல? அந்த இருக்கையை விட்டு எழுந்திருக்க முடியாதுன்னு தெரியும்ல? மத்தவங்களை எல்லாம் கூப்பிட்டீங்க. குடிகாரன் ஹூபர்ட்டை மூணு தடவை கூப்பிட்டீங்க. மூணு தடவையும் நான்தான் வாசிச்சேன். என்னை ஒரு தடவை, எழுந்திரு வெல்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன, அந்தப் பியானோவுக்குப் பொறந்தவளா?"

 குளிர் இயந்திரம் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு பால் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் ஒரு விஷயம் மண்டையில் அடித்தது. அந்த இருக்கை அவளுக்குப் பிடித்திருந்தது. அங்கே உட்கார்ந்திருக்கும் வரை யாரும் அவளிடம் ஒன்றும் கேட்க முடியாது. கையில் வேலை இருக்கிறவளை யார் கூப்பிடுவார்கள்? ஒருவேளை அவர் கூப்பிட்டுத்தான் இருப்பார், நான்தான் இன்னும் பலமாக வாசித்திருப்பேன் என்று நினைத்தாள். நினைத்ததும் பயமாக இருந்தது.

"இது எனக்குத் தெரியாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன வெல்டா, கேரட்டுக்கெல்லாம் ஒவ்வொண்ணாப் பேர் வெச்சுட்டு வர்றியா?" என்றாள் அடுப்பருகே நின்றவள்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அந்தக் குளிருக்குள் போனாள். வெள்ளிக்கிழமை கோபப்படவில்லை. முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னாள். லூயிவில்லில் இருக்கிற மகன் போன் செய்யாததைப் பற்றிச் சொன்னாள். டெல்மர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று சொன்னாள். ஒரு குரலும் வரவில்லை, ஒளியும் வரவில்லை. ஆனால் பேசி முடித்து எழுந்தபோது, பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரை விட்டுவிட்டு எழுந்திருக்கிற மாதிரி இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. நானும் கேட்டுப் பார்த்தேன், உதட்டைப் பிதுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் போதகர் பிரதர் கெண்டல் பிரசங்கம் செய்தார். இருபத்தொன்பது வயது, இது அவருக்கு இரண்டாவது சபை. அழைப்புப் பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் முடிந்தது, யாரும் எழவில்லை. ஒற்றை விரல் காட்டினார். இரண்டாவது சரணத்திலும் யாரும் எழவில்லை. மறுபடி விரல் உயர்ந்தது. டீக்கன் வரிசையில் டெல்மர் வெல்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். வெல்டா மூன்றாவது சரணத்தின் நடுவில் கையைத் தூக்கிவிட்டாள்.

பாட்டு இரண்டு வரி தனியாக ஓடி, நொண்டி, நின்றது. எல்லோரும் அழைப்பு முடிந்தது என்று நினைத்துப் பாட்டுப் புத்தகத்தை மூடினார்கள். சிலர் கோட்டைக்கூட எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் வெல்டா எழுந்து முன்னால் வருவதைப் பார்த்தார்கள். பியானோவிலிருந்து போதகர் நிற்கிற இடத்துக்கு ஆறு அடி தூரம்.

பிரதர் கெண்டல் குனிந்து, "சிஸ்டர், உடம்பு சரியில்லையா?" என்றார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு பிரதர். அழைப்புக்கு வந்திருக்கேன்."

"யாருக்காக ஜெபிக்கணும்?"

"எனக்காக. நான் இன்னும் இரட்சிக்கப்படல."

அவர் சட்டையில் மைக் மாட்டியிருந்ததை மறந்துவிட்டார். நூற்றிருபது பேர் காதிலும் விழுந்தது.  யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். நொவெல்லா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரதர் கெண்டல் வெல்டாவின் கையைப் பிடித்தபடி, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் ஆளில்லாத பியானோவைப் பார்த்து ஒற்றை விரலைக் காட்டினார்.

அந்த வாரம் ஊர் ரெண்டுபட்டது. நாற்பத்தொரு வருஷமாக இரட்சிக்கப்படாத ஒருத்தி வாசிக்க, நாம் பாடியிருக்கிறோமே என்று ஒரு கட்சி. அவளைவிட நல்ல கிறிஸ்தவள் யார் என்று இன்னொரு கட்சி. டீக்கன்கள் இரண்டு முறை கூடினார்கள். அவள் எடுத்த திருவிருந்தை என்ன செய்வது என்று பேசினார்கள், என்னமோ அதைத் திருப்பி வாங்க முடிகிற மாதிரி. இதற்கெல்லாம் மேலே, மூன்று வீட்டார் போதகருக்குப் போன் செய்து, "எங்க பையனை அவதான் முழங்கால்ல நிக்கவெச்சு ஜெபிக்கவெச்சா. அது செல்லுமா, செல்லாதா?" என்று கேட்டார்கள். பிரதர் கெண்டல் பாவம், வேதாகமக் கல்லூரியில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது. செல்லும் என்று சொல்லிவிட்டு, ராத்திரியெல்லாம் புத்தகம் புரட்டினாராம்.

திங்கட்கிழமை நொவெல்லா மலரை அச்சுக்கு அனுப்பவில்லை. ஒரு வாரம் தள்ளிவைத்தாள். "உன் தேதிக்காகத்தான் காத்திருக்கேன், படுபாவி" என்று வெல்டாவுக்குப் போன் செய்து சொன்னாள். டெல்மர் வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டார். கடைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தார். தட்டைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எடுத்துச் சாப்பிடுவார்.

அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். இப்போது ஓடைக்குப் போவதில்லை. பிரசங்க மேடைக்குப் பின்னால் சுவரை ஒட்டித் தொட்டி கட்டி, வெந்நீர் விட்டு வைத்திருக்கிறார்கள். வெல்டா வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். பியானோவில் யாரும் இல்லை. சபை நிரம்பி வழிந்தது. பக்கத்துச் சபைகளிலிருந்துகூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். வரமாட்டேன் என்று சொல்லியிருந்த டெல்மர் கடைசி நிமிஷத்தில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

பிரதர் கெண்டல் ஒரு கையால் அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"சிஸ்டர் வெல்டா, இயேசு கிறிஸ்துவை உங்க சொந்த இரட்சகரா அறிந்திருக்கிறீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகூட ஆமாம் என்று சொல்லும். வெல்டா யோசித்தாள்.

"அறிஞ்சிருக்கேன்னு சொன்னா பொய்யாப் போயிடும் பிரதர்" என்றாள். "பேச ஆரம்பிச்சிருக்கோம். பதினோரு நாள் ஆச்சு."

பிரதர் கெண்டலின் கை அப்படியே நின்றது. சபையில் சலசலப்பு கிளம்பியது. அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லாத ஒருவரைத் தண்ணீரில் முழுக்க முடியாது, அதுதான் சட்டம். அவர் டீக்கன் வரிசையைப் பார்த்தார். மூத்த டீக்கன் தலையைக் குறுக்கே ஆட்டினார். வெல்டாவைத் திருப்பி அனுப்புவதா என்று பிரதர் கெண்டல் தடுமாறினார்.  இங்கேயும் இல்லையென்றால் இனி எங்கே போவது என்று தெரியாமல் வெல்டா தண்ணீரில் நின்றாள். ஆனாலும் சொன்ன வார்த்தையை அவள் மாற்றவில்லை.

டெல்மர் எழுந்து நின்றார்.

"அவளை முழுக்குங்க பிரதர்" என்றார். "இதே மாதிரித் தண்ணியில நின்னு, இதே கேள்விக்கு நான் ஆமான்னு சொன்னேன். நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. அது பொய். அவகிட்ட பதினோரு நாள் இருக்கு. என்கிட்ட ஒரு நாள்கூட இல்ல."

கூரை இடிந்து விழுந்திருந்தால்கூட சபை அப்படி அதிர்ந்திருக்காது. மூத்த டீக்கன் பிடித்திருந்த பைபிள் தரையில் விழுந்தது, எடுக்க யாரும் குனியவில்லை. பிரதர் கெண்டல் டெல்மரைப் பார்த்தார், வெல்டாவைப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால் அவளைத் தண்ணீருக்குள் சாய்த்துத் தூக்கினார்.

வெல்டா எழுந்தபோது ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் டெல்மரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். முடி முகத்தில் ஒட்ட, தண்ணீர் சொட்டச் சொட்ட, வெல்டா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"டெல்மர், தண்ணி இன்னும் வெதுவெதுப்பாத்தான் இருக்கு" என்றாள்.

டெல்மர் முதல் வரிசையில் மறுபடி உட்கார்ந்தார். குனிந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.